சொல்லுக்குக் கீழே ஒரு புள்ளி

மழை பிடித்துக்கொண்டால் நாவதுலேவு கிராமத்தில் ஆண்கள் வலை தைப்பார்கள், பெண்கள் பாய் முடைவார்கள், செரெயிமா டீச்சர் கட்டுரை திருத்துவாள். வலை தைப்பதும் கட்டுரை திருத்துவதும் ஒரே வேலைதான், இரண்டிலும் ஓட்டையைத்தான் தேட வேண்டும் என்பாள் அவளுடைய மதினி தொரிகா. அந்த வாரம் தீவின் புவா கடற்கரை நெடுக விடாத மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. செரெயிமா சுட்ட சீமைப்பலாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, பரிசளிப்பு நாளுக்கான கட்டுரைகளைப் பாயில் பரப்பியிருந்தாள்.

வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு நாளில் பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று தாய்மொழியில் எழுதிய கட்டுரையைப் பெற்றோர் முன்னால் நின்று படிக்கும். தலைமையாசிரியர் பேச்சில் தூங்குகிற சனம்கூட இதற்கு விழித்துக்கொள்ளும். யார் வீட்டுப் பிள்ளை, யாரைப் பற்றி எழுதியிருக்கிறது, கையெழுத்து எப்படி என்பது வரைக்கும் ஒரு மாதம் பேச்சு ஓடும். இந்த வருஷத் தலைப்பு 'எங்கள் கடல்'. கொடுத்தவள் செரெயிமாதான்.

சிவப்பு மையைத் தொடமாட்டாள். சந்தேகப்பட்ட சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள், அவ்வளவுதான். புள்ளி வாங்கிய பிள்ளை மறுநாள் வந்து அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தடவை பாதிப் பேர் கடல் எங்கள் தாய் என்று ஆரம்பித்திருந்தார்கள். அத்தனை தாய்க்குக் கீழேயும் புள்ளி விழுந்தது. உன்னைப் பெற்றவள் சமைத்துப் போடுகிறாள், அடிக்கிறாள், துணி துவைக்கிறாள், இதில் கடல் எதைச் செய்தது என்று கேட்டால் பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். ஒருவன் கிளிமீன் பிடித்ததில் அளவில்லா ஆனந்தம் அடைந்தானாம். ஆனந்தத்தின் அளவு கிடக்கட்டும், மீனின் அளவையாவது சொல் என்று ஓரத்தில் எழுதினாள்.

கடைசியில் இருந்தது உலமிலாவின் கட்டுரை. மற்றவர்கள் எழுதியதெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கடலட்டையை வயிறு கீறி, அவித்து, புகை போட்டுக் காய வைக்கிற நாற்றம் தலைமுடியில் ஏறிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் வரைக்கும் கூடவே வருவதை எழுதியிருந்தாள். கரையோரத்து அட்டை தீர்ந்தபிறகு பையன்கள் ஆழத்துக்குப் போனதை, படகில் ஓடுகிற காற்று இயந்திரத்தை, பல்லால் கடித்துக்கொள்கிற நீளக் குழாயை, இடுப்பில் கட்டுகிற ஈயத்தை எல்லாம் எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: 'அந்த ஆள் என் அண்ணனைக் கொன்றார்.'

அண்ணன் என்றால் லிவாய். போன வருஷம் மாம்பழக் காலத்தில் அட்டை குளிக்க, அதாவது ஆழத்தில் மூழ்கி எடுக்க, போனவன் அன்று மாலை படகுத் தரையில் கிடந்து செத்தான். அந்த ஆள் என்றால் படகுக்காரர் இனோகே, செரெயிமாவின் கூடப் பிறந்த அண்ணன். பேர் போடாவிட்டால் என்ன, பரிசளிப்புக் கூடத்தில் உட்காரப்போகிற கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

செரெயிமா தண்ணீர் குடித்தாள். அந்தத் தாளை மட்டும் எடுத்து அடியில் வைத்துவிட்டு, கிளிமீன் பையனையே மேடையேற்றிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. அந்த நினைப்பு வந்ததை அவள் ஒளிக்கவில்லை, வந்தது. வந்ததற்குத் தன் மேலேயே கோபமும் வந்தது. பென்சிலை எடுத்து 'கொன்றார்' என்ற சொல்லுக்குக் கீழே புள்ளியை அழுத்தி வைத்தாள்.

விஷயம் இதோடு நிற்பதில்லை. லிவாயைப் புதைத்த பிறகு இனோகே மன்னிப்புக் கேட்கும் முறைப்படி திமிங்கிலப் பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு லிவாயின் அப்பா மனசாவின் வீட்டுக்குப் போனார். தலை நிமிராமல் உட்கார்ந்தார். மனசா அந்தப் பல்லை வாங்கிக்கொண்டு, கடல் எடுத்துக்கொண்டது, இது இங்கேயே புதைந்தது என்று சொன்னார். அன்றைக்குப் பெண்கள் வரிசையில் செரெயிமாவும் உட்கார்ந்திருந்தாள், அவளும் அழுதாள். பல்லை வாங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, இரண்டு வீடும் பழையபடி ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம். அந்த முறை இல்லாவிட்டால் இத்தனை சின்ன ஊரில் மனிதர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது என்பதும் உண்மைதான். உலமிலா அதைத்தான் தோண்டியிருந்தாள். இதற்கிடையில், லிவாய் செத்தபிறகு அட்டை பிடிக்க அரசாங்கம் போட்டிருந்த தடை நீங்கி, இனோகேயின் படகு மறுபடி கடலில் இறங்கியிருந்தது. இரண்டு புதுப் பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தையல் வகுப்பு அறையில் உலமிலா வந்து நின்றாள். பதினேழு வயது, கறுத்து நெடுநெடுவென்று, யாருக்கும் பயப்படாத பார்வை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"புள்ளி வச்சிருக்கீங்க," என்றாள்.

"வச்சிருக்கேன். நீ படகுல இருந்தியா?"

"இல்ல."

"அப்ப இது யாரு சொல்லு?"

"என் சொல்லுதான். வேற யாரு சொல்லுவா? எங்கப்பா சொல்லமாட்டார், அவர் பல்லை வாங்கிட்டார். நான் ஒண்ணும் வாங்கலியே."

"கொன்னாருன்னா கையில கத்தி இருந்துச்சா? கழுத்தைப் பிடிச்சாரா? என்ன செஞ்சார்னு எழுது."

உலமிலா நிதானமாகச் சொன்னாள், "உங்க அண்ணன்ங்கிறதால கேக்குறீங்க. கிளிமீன்காரன்கிட்ட இப்படிக் கேப்பீங்களா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது செரெயிமாவுக்கு. இல்லவே இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். அந்த 'இல்லவே'யைத் தன்னால் நிரூபிக்க முடியாது என்று தெரிந்ததும் விழுங்கிவிட்டாள்.

"அண்ணன்ங்கிறதாலயும் இருக்கலாம்," என்றாள். "என்னை நம்பாத. ஆனா இதைக் கேளு. கொன்னாருன்னு நீ படிச்சா, எங்க ஆளுங்க இல்லன்னு எந்திரிப்பாங்க. உங்க ஆளுங்க ஆமான்னு எந்திரிப்பாங்க. அப்புறம் லிவாயைப் பத்தி ஒருத்தனும் பேசமாட்டான், அந்தச் சொல்லைப் பத்தித்தான் பேசுவான். எங்க வீட்டாலயும் அசைக்க முடியாத, உங்க வீட்டாலயும் அசைக்க முடியாத சொல்லு ஒண்ணு வேணும். அது கிடைக்கிற வரைக்கும் நான் இதை அனுப்பவும் மாட்டேன், வேற கட்டுரையை எடுக்கவும் மாட்டேன்."

"கிடைக்கலன்னா?"

"கிடைக்கும். படகுல இருந்தவங்களுக்குத் தெரியும்ல."

படகில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் செத்துவிட்டான்.

ஊரில் விஷயம் கசிய ஒரு நாள் போதும். மறுநாள் சாயங்காலம் மனசா ஒரு வாழைத்தாரைச் சுமந்துகொண்டு செரெயிமாவின் வாசலுக்கு வந்தார். மழையில் நனைந்து சொட்டச் சொட்ட நின்றவரை உள்ளே இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் பன்றி புகுந்ததைப் பற்றியே பேசினார். டீ ஆறிப்போனது. பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். மகள் அப்படிப் படித்தால் தான் பல்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவன் என்று ஏழு கிராமத்தில் பேர் எடுக்க வேண்டும், அதைவிடத் தானும் லிவாயின் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"கடல் எடுத்துக்கிட்டதுன்னு மாத்திக் குடுங்க டீச்சரம்மா. எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்."

"மாத்தமாட்டேன்," என்றாள் செரெயிமா.

மனசா அண்ணாந்து பார்த்தார். செரெயிமாவுக்கே தன் குரல் கடுமையாகப் பட்டது, ஆனால் இறக்கிக்கொள்ளவில்லை. கடலுக்குக் கை இல்லை, எடுக்க. கொன்றார் என்பதற்கு எப்படிப் புள்ளி வைத்தாளோ அப்படியே இதற்கும் வைப்பாள். அன்று லிவாய் மூன்று தடவை இறங்கினான் என்பது மட்டும்தான் ஊருக்குத் தெரியும். மூன்றாவது தடவை இறங்குவதற்கு முன்னால் படகில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியாது. எப்படிக் கேக்குறது? பல்லை வாங்கிட்டேனே."

"கேக்கணும்னு இருந்துச்சா?"

அவர் ஈரச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று, "தினமும்," என்றார்.

அன்று இரவு படுக்கும்போதே, விடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது செரெயிமாவுக்குத் தெளிவாக இருந்தது. அண்ணனிடம் கேட்க வேண்டும். அங்கேதான் சங்கடம். விவரம் தெரிந்த வயதிலிருந்து அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றுமில்லை, முறை அப்படி. கூடப் பிறந்த ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளக் கூடாது. அவருக்கு உப்பு வேண்டுமென்றாலும் மனைவியிடம் சொல்லி, அவள் நாத்தனாரிடம் கேட்பாள். செரெயிமாவின் புருஷன் அமைதிப்படையில் சேர்ந்து சீனாய் பாலைவனத்துக்குப் போனபிறகு, அவளுடைய வீட்டுக் கூரையைப் பிரித்து மாட்டியதும் விறகு கொண்டுவந்து போட்டதும் அந்த அண்ணன்தான். ஒரு சொல் பேசாமலே இத்தனையும் செய்தார்.

தொரிகாவின் அடுக்களை தனிக் கொட்டகை. அவள் துருவுபலகையில் ஏறி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தட்டியின் அந்தப் பக்கம் இனோகே காற்றுக்குழாயில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தது இடுக்கு வழியே தெரிந்தது.

"வாங்க நாத்தனாரே," என்றாள் தொரிகா. "பீரங்கி கொண்டாந்தீங்களா, இல்ல பென்சில் மட்டும்தானா? அவரைத் தூக்குல போடப்போறீங்கன்னு ஊரே சொல்லுது. போடுங்க. எனக்குக் குறட்டைச் சத்தம் மிச்சம்."

நாத்தனாரும் மதினியும் எவ்வளவு வேண்டுமானாலும் வாரிக்கொள்ளலாம், அதுவும் முறைதான். செரெயிமா சிரிக்கவில்லை என்றதும் தொரிகாவின் கை துருவுவதை நிறுத்தியது.

"மதினி, அவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும்."

"தட்டிதானே இருக்கு, சுவரா இருக்கு? அவர் காதுல விழுந்துட்டுத்தான் இருக்கும்."

"மூணாவது தடவை இறங்குறதுக்கு முன்னால லிவாய் என்ன சொன்னான், அவர் என்ன சொன்னார். அவ்வளவுதான்."

தட்டிக்கு அப்பால் ரப்பர் தேய்க்கிற சத்தம் நின்றது. தொரிகா ஒரு பெருமூச்சு விட்டு, தட்டியைப் பார்த்து அதே கேள்வியை வார்த்தை மாறாமல் கேட்டாள். பதில் வந்தது, அதுவும் தொரிகாவுக்குத்தான். அது புதைந்த விஷயம் என்று அவளிடம் சொல்லு. தொரிகா திரும்பி, புதைந்த விஷயமாம் என்றாள். இப்போது குளிக்கிற இரண்டு பையன்களும் உயிரோடுதானே இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தா புதைத்தோம் என்று கேளுங்கள் என்றாள் செரெயிமா. நான் இரண்டு தடவைக்கு மேல் யாரையும் இறக்குவதில்லை, யாருக்கும் ஒரு வலியும் இல்லை என்று சொல்லு என்றார் இனோகே. இப்படிக் கொஞ்ச நேரம் நடந்தது. மூன்று பேருக்கும் எல்லாம் கேட்கும், நடுவில் இருந்தவள்தான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டாள். கடைசியில் இனோகே குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

"என் தலைதான் உருளுது," என்றாள் தொரிகா. "நீங்க உங்க வீட்டுக்குப் போயிருவீங்க. அவர் பக்கத்துல படுக்கிறது நான். ஒரு வருஷமா அந்த மனுஷன் முழங்கையைப் பிடிச்சிக்கிட்டே தூங்குறார். ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறார். நீங்க பள்ளிக்கூடத்துல எதையோ எழுதி, இருக்கிற சோத்தையும் கெடுக்காதீங்க."

"அவர் சொல்ற வரைக்கும் நான் இங்க சாப்பிடமாட்டேன் மதினி."

"பட்டினியா கிடப்பீங்க?"

"எனக்குச் சமைக்கத் தெரியும்."

"எங்களுக்குத் தெரியாதா அந்தச் சமையலு," என்றாள் தொரிகா. ஆனால் முகம் விழுந்துவிட்டது. அண்ணன் வீட்டுச் சோற்றைத் தங்கை வேண்டாம் என்றால் அது லேசான விஷயமில்லை. அந்த வீட்டு ஆண் தலை நிமிர முடியாது.

தலைமையாசிரியர் தன் பங்குக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர், சண்டைக்குப் பயந்தவர். கிளிமீன் கட்டுரை கலகலப்பாக இருக்கிறதே, சனம் சிரிக்குமே என்றார். செரெயிமா அதைத் திருத்தி முடிக்கவே இல்லை என்றாள். பரிசளிப்புக்கு நாள் நெருங்கிவிட்டதே என்றார். நெருங்கட்டும் என்றாள். உலமிலாவின் கட்டுரை சரியாகாவிட்டால் இந்த வருஷம் கட்டுரையே கிடையாது, அதை மேடையில் ஏறி நானே சொல்கிறேன் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் தன் வீட்டில் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, டப்பா மீனோடு தின்றாள். கிழங்கு குழைந்துபோனது. தொரிகா வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. செரெயிமா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனும் மதினியும் வருவதைப் பார்த்தாள். இனோகே நேராக வரவில்லை. சீமைப்பலா மரத்தடியில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றார். தொரிகா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அவகிட்டச் சொல்லு," என்று ஆரம்பித்தார் இனோகே. "மூணாவது தடவை..."

"நான் சொல்லமாட்டேன்," என்றாள் தொரிகா.

இருவரும் திகைத்துப்போனார்கள்.

"உப்பு கேளுங்க, விறகு கேளுங்க, இன்னும் நூறு வருஷத்துக்குத் தூக்கிட்டு அலையிறேன். இதை என் வாயால சொல்லமாட்டேன். இது என் வாய்க்குள்ள போனா வேற மாதிரி வெளிய வரும், எனக்கே தெரியும். உங்களைக் காப்பாத்துற மாதிரி மாத்திருவேன். நீங்களே சொல்லுங்க." அவள் கையால் வாயை மூடிக்கொண்டு விலகி, துணிக்கொடியின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இனோகே திரும்பவில்லை. கடலைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் பேசியது தங்கையிடம். அந்தக் குரல் தன்னை நோக்கி வருவதை செரெயிமா தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

"ரெண்டாவது தடவை ஏறினப்ப முழங்கை வலிக்குதுன்னான். எனக்கும் எத்தனையோ தடவை வலிச்சிருக்கு. மறுபடி கீழ போனா போயிரும். நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம். எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்களும் அப்படித்தான் செஞ்சாங்க. கீழ போனா வலி போயிரும், இறங்குன்னேன். அட்டைக்காகச் சொல்லல. அன்னைக்குக் கூடை நெறைஞ்சிருந்துச்சு. வலிக்காகத்தான் சொன்னேன்."

இனோகே மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"கீழ போனதும் கயித்தை ரெண்டு தடவை இழுத்தான். வலி போச்சுன்னு அர்த்தம். நான் சிரிச்சேன். மேல வந்து படகுல ஏறி உக்காந்தான், தேங்காத் தண்ணி கேட்டான். வெட்டிக் குடுத்தேன். குடிக்கக் கையைத் தூக்க முடியல. அப்புறம் காலு போச்சு. அப்புறம் மூச்சு."

செரெயிமாவுக்குப் பதில் சொல்லலாமா என்றே தெரியவில்லை. நாற்பது வருஷத்துப் பழக்கம் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதை எழுதலாமா?"

"எழுதச் சொல்லத்தான் வந்தேன்," என்றார் இனோகே. தோள் குலுங்கியது. தொரிகா துணிக்கொடிக்குப் பின்னாலிருந்து வந்து அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். செரெயிமா ஈரத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, உலமிலாவைக் கூட்டிவர ஆளனுப்பினாள்.

அன்று பகல் முழுக்க இருவரும் அந்த ஒரு பத்தியோடு மல்லுக்கட்டினார்கள். நடந்ததைக் கேட்டதும் உலமிலா எழுந்து வெளியே போய், கிணற்றடியில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் 'கொன்றார்' என்பதைத் தானே அடித்தாள். அதற்குப் பதில் 'சாகவிட்டார்' என்று எழுதினாள். செரெயிமா புள்ளி வைத்தாள். சாகவிடவில்லை, சாகப்போகிறான் என்று அவருக்குத் தெரியாது. 'ஏமாற்றினார்' என்று எழுதினாள். அதற்கும் புள்ளி. தான் நம்பாததைச் சொன்னால்தான் ஏமாற்று. 'தவறு செய்தார்' என்று எழுதினாள். இந்தத் தடவை செரெயிமா பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"தப்புதான். ஆனா என்ன தப்புன்னு இந்தச் சொல்லு சொல்லுதா? கூடத்துல உக்காந்திருக்கிறவ வீட்டுக்குப் போனா இதுல எதை எடுத்துட்டுப் போவா?"

உலமிலா பேனாவைக் கடித்தாள். பிறகு வேகமாக எழுதித் தாளைத் தள்ளினாள். 'வலி போய்விடும் என்றார். வலி போய்விட்டது. வலியோடு என் அண்ணனும் போய்விட்டான்.'

செரெயிமா இரண்டு தடவை படித்தாள். மேடையில் இதைப் படித்தால் கூடமே அழும், சந்தேகமில்லை.

"ரொம்ப அழகா இருக்கு," என்றாள். "அதனாலதான் யோசிக்கிறேன். அழுதுட்டு, அடுத்த நாள் இதைப் பாட்டா பாடிருவாங்க. அவன் எதுல செத்தான்னு மறந்துரும்."

"அப்ப எதைத்தான் எழுதுறது?" உலமிலாவுக்குக் கண்ணில் தண்ணீர் தேங்கிவிட்டது. "எதை எழுதினாலும் புள்ளி வைக்கிறீங்க. நான் என் அண்ணனுக்காக ஒரு சொல்லுகூட அழுத்திச் சொல்லக் கூடாதா?"

"சொல்லு. முழங்கை வலிக்குதுன்னு அவன் சொன்னான்ல, அதைச் சொல்லு. அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லு. தேங்காத் தண்ணியைச் சொல்லு. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வை. அதைவிட அழுத்தம் வேற என்ன இருக்கு?"

பொழுது சாயும்போது பத்தி முடிந்திருந்தது. அதில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. பேர் போடுவதா வேண்டாமா என்பது மட்டும் மிச்சம். அதை செரெயிமா தீர்மானிக்க மறுத்துவிட்டாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, நீயே நிரப்பிக்கொள், எனக்குக் காட்ட வேண்டாம் என்றாள்.

பரிசளிப்பு நாளன்று கூடம் கொள்ளாத கூட்டம். விஷயம் தெரிந்தே வந்திருந்தார்கள். பாய்களில் ஒரு பக்கம் இனோகேயின் ஆட்கள், மறுபக்கம் மனசாவின் ஆட்கள், தானாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். இனோகே முன்வரிசையில் காலை மடக்கி, தலை குனிந்து இருந்தார். தலைமையாசிரியர் வழக்கத்தைவிடச் சுருக்கமாகப் பேசினார். யாரும் தூங்கவில்லை.

உலமிலா எழுந்து நின்று படித்தாள். புகை நாற்றம் வந்த இடத்தில் பெண்கள் சிரித்தார்கள். காற்றுக்குழாய் வந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு அந்தப் பத்தி. செரெயிமா பக்கவாட்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'இரண்டாவது தடவை மேலே வந்தபோது முழங்கை வலிக்கிறது என்று லிவாய் சொன்னான். கீழே போனால் வலி போய்விடும், இறங்கு என்று இனோகே மாமா சொன்னார். அவருக்கு அப்படித்தான் போயிருக்கிறது. லிவாய் இறங்கினான். வலி போய்விட்டதென்று கயிற்றை இரண்டு தடவை இழுத்தான். மேலே வந்து தேங்காய்த் தண்ணீர் கேட்டான். அதைக் குடிக்க அவனால் கையைத் தூக்க முடியவில்லை.'

அந்த ஆள், மாமா ஆகியிருந்தார். செரெயிமா நிமிர்ந்து பார்த்தாள். மனசா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாகக் கேட்க முடியாமல் வைத்திருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்திலும் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்து மறுக்க அதில் என்ன இருக்கிறது, எழுந்து கூத்தாட என்ன இருக்கிறது. உலமிலா மிச்சத்தைப் படிக்கத் தாளைத் திருப்பினாள்.

"நில்லு," என்றாள் நடுவில் உட்கார்ந்திருந்த வாசிதி. இனோகேயின் படகில் இப்போது குளிக்கிற இரண்டு பையன்களில் ஒருவனான சவெநாதாவின் அம்மா அவள். கூடம் திரும்பிப் பார்த்தது. "அந்த வலி வந்த இடத்தை மறுபடி படி."

உலமிலா மறுபடி படித்தாள். வாசிதி கடைசி வரை கேட்டாள். பிறகு பாயில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி, பின்னால் சுவரோரம் நின்றிருந்த மகனைத் தேடிப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி தலைகாணியை மாத்தி மாத்தி வச்சியே. எங்கடா வலிக்குது?"

சவெநாதா சுற்றிப் பார்த்தான். சொன்னால் படகில் இடம் போய்விடும் என்று இத்தனை நேரம் மறைத்து வைத்திருந்தவன்.

"தோள்ல," என்றான். பிறகு இன்னும் மெதுவாக, "திங்கக்கிழமை இறங்கினா சரியாயிரும்னு இருந்தேன்."

இனோகே எழுந்துவிட்டார். முன்வரிசையிலிருந்து ஆட்களைத் தாண்டி, குனியாமல், மன்னிப்புக் கேட்காமல் சுவர் வரைக்கும் போனார். பையனின் நல்ல கைப்பக்கம் தோளைக் கொடுத்து அணைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை யாரும் இறங்கக் கூடாது," என்றார், கூடம் முழுவதற்கும் கேட்கும்படி. "தலைநகர் சுவாவுல பெரிய ஆஸ்பத்திரியில ஆழத்துல குளிச்சு ஏறினா வர்ற இந்த வலிக்குன்னு ஒரு காத்தழுத்த அறை இருக்கு. இப்பவே கிளம்புறோம். நட."